சுகத்துக்கு வரி விகிதம் கோரி ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் தலைவர் அவர்களுக்கும் அங்கத்தினர்களுக்கும், காரைக்கால்வாசியாகிய ஒரு சாமானியப் பிரஜை அநேக நமஸ்காரங்களுடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம்.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய தங்களது 56ஆவது கூட்டம், 5, 12, 18, 28 என்று நான்கு படிகளாக நின்ற வரியை 5, 18 என்று இரண்டே படிகளாகச் சுருக்கி, ஆடம்பரத்துக்கென்று 40ஐத் தனியே உச்சியில் நிறுத்தி, அம்மாதம் 22ஆம் தேதி, நவராத்திரியின் முதல் நாளன்று, அதை அமலுக்குக் கொண்டுவந்ததும், பிரதமரே அதற்குச் 'சேமிப்புத் திருவிழா' என்று நாமகரணம் செய்ததும் எங்களூர்வரை எட்டிய செய்திகள்தாம். 28இலிருந்து 18க்கு இறங்கிய குளிரூட்டும் சாதனத்தையும் பெரிய தொலைக்காட்சியையும் எவன் வாங்குகிறானோ அவனே சேமிக்கிறான் என்பது அந்த உற்சவத்தின் சித்தாந்தம். அதன்படி கணக்குப் பார்த்ததில், அடியேன் இத்தேசத்தின் மகா ஊதாரிகளில் ஒருவன் என்று ஏற்படுகிறது. ஏனெனில், தேவைப்படாத குளிரூட்டி ஒன்றை வாங்காமல் இருந்த குற்றத்தால், அதன்மேல் சேமித்திருக்க வேண்டிய பத்து சதவீதத்தை முழுவதும் இழந்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொற்ப வருமானத்தில் சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகிறவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கடைத்தெருவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு காலம் தள்ளுவதுதான் உலக நியாயமாயிருக்க, நானும் என் வீட்டாரும், இன்னும் இவ்வூரில் எங்களைப்போன்ற அநேக குடும்பங்களும், வருஷம் முழுவதும் வெகு சந்தோஷமாய்க் காலட்சேபம் செய்து வருகிறோம். இவ்வளவு அனுபோகத்துக்கும் எவ்விதப் பட்டியலும் ரசீதும் எங்களிடம் இல்லை. ஆகையால், கீழ்க்கண்ட சுகங்கள் எந்தத் தலைப்பில் அடங்கும், எத்தனை சதவீதத்துக்கு உட்படும் என்று தாங்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

முதலாவது, மாங்கனி. ஆனிப் பௌர்ணமியையொட்டிக் காரைக்காலம்மையார் கோயிலின் மாங்கனித் திருவிழாவில் பிட்சாடனர் வீதியுலா வருகையில், இரு பக்கத்து வீட்டு மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் பக்தர்கள் மாம்பழங்களை வாரி இறைக்க, கீழே நிற்கும் ஜனங்கள் துண்டையும் முந்தானையையும் விரித்து அவற்றைப் பிடிக்கிறார்கள். பிரதிபலன் இல்லாமல் கைமாறும் பொருள், பொதுவாக, தங்கள் சட்டப்படி விநியோகமே ஆகாது என்பதை அறிவேன். ஆனால் பிள்ளை வரமும் தொழில் விருத்தியும் வேண்டி நேர்ந்துகொண்டு எறிகிறவர்களுக்கு அந்த வரம் பலித்துவிட்டால், அது பிரதிபலன் ஆகாதா? ஆகுமென்றால், விலைப்பட்டியல் பழத்தை எறிந்த தேதிக்கா, குழந்தை பிறந்த தேதிக்கா? அதற்கும் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது. பழமாக இருக்கும்வரை மாங்கனிக்கு வரி இல்லை. கூழானால் 12 சதவீதம் என்று 2022 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை விளக்கம் கூறியது. அந்தப் பன்னிரண்டாம் படியே இப்போது எடுபட்டுவிட்டாலும், பழத்துக்கும் கூழுக்கும் பேதம் உண்டென்ற தத்துவம் நிலைத்துத்தானே இருக்கிறது? இரண்டாம் மாடியிலிருந்து பூஜ்யம் சதவீதப் பழமாகப் புறப்பட்டு, என் துண்டுக்குத் தப்பித் தார்ச்சாலையில் விழுந்து கூழாகிவிடும் மாங்கனிக்கு வரி கட்டவேண்டியவர் எறிந்தவரா, பிடிக்கத் தவறிய நானா?

இந்த வழக்குக்கு மூலமான புராணத்தையும் மன்றம் பரிசீலிப்பது நலம். பரமதத்தன் என்னும் வணிகன் வீட்டுக்கு அனுப்பிய கனிகள் இரண்டு. ஒன்றை அவன் மனைவி புனிதவதியார், அதாவது எங்கள் காரைக்காலம்மையார், சிவனடியாருக்கு இட்டார்; மற்றொன்றைக் கணவன் உண்டு, ருசி கண்டு, அடுத்ததையும் கேட்டான். அப்போது இறைவன் அருளால் அம்மையின் கைக்கு வந்த கனி கைலாயத்திலிருந்து இறக்குமதியான சரக்கா என்பதும், அதற்குப் பின் வந்து, வணிகன் கையில் வாங்கியதுமே மறைந்துபோன கனிக்கு உள்ளீட்டு வரி வரவு கோரலாமா என்பதும் என் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

இரண்டாவது, மாசி மகம். திருக்கண்ணபுரத்து சௌரிராஜப் பெருமாள் அன்று தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். மீனவ ஜனங்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே பாவித்து வரவேற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நின்று தரிசித்துத் திரும்புவதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் திருக்கண்ணபுரம் இருப்பது தமிழ்நாட்டில். பட்டினம் இருப்பது எங்கள் புதுச்சேரி பிரதேசத்தில். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு எல்லை தாண்டினால் இ-வே பில் அவசியம் என்றிருக்க, சர்வாபரண பூஷிதராக மாநிலம் விட்டு மாநிலம் வந்து, நீராடி, மாமனார் வீட்டு உபசாரத்தையும் பெற்றுத் திரும்பும் ஒருவர் இதுவரை எந்தப் படிவத்தையும் பூர்த்தி செய்ததாக நான் கேள்விப்படவில்லை. காட்டிக்கொடுப்பதாகப் பெருமாள் என்னைத் தவறாக நினைக்கக் கூடாது.

அரசலாறு கடலில் கலக்குமிடத்தில் மாலை நேரத்தில் வீசும் காற்றைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அது உறையிலிட்டு முத்திரை ஒட்டப்படாத சரக்கு, ஆகவே தப்பித்துவிடும். அந்தக் காற்றில் உட்கார்ந்து தின்னும் சுண்டல்தான் என்னை உறுத்துகிறது. உப்பும் காரமும் சேர்த்த சோளப்பொரி உதிரியாக இருந்தால் 5, பொட்டலமாக இருந்தால் 12, சர்க்கரைப் பாகு பூசினால் 18 என்று 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் விளக்கியவர்கள் தாங்கள். பன்னுக்கு வரியில்லை, அதனுள் கிரீம் வைத்தால் 18 என்று கோயம்புத்தூர் உணவக உரிமையாளர் ஒருவர் அதே வருஷம் நிதியமைச்சர் முன்னிலையில் சொல்லி, தேசமே சிரித்தது. இத்தனை நுட்பம் படைத்த சாஸ்திரம், பழைய நோட்டுக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் கொடுக்கும் சுண்டலை உதிரி என்று கொள்ளுமா, பொட்டலம் என்று கொள்ளுமா? மேலே தூவிய மாங்காய்த் துருவல் கிரீமின் ஸ்தானத்தை வகிக்குமா?

வீட்டுச் சமையலில் ஒளிக்க ஏதுமில்லை. கறிவேப்பிலைக்குக் கொல்லையில் மரம் இருக்கிறது. மத்தி மலிந்த நாளில் மத்தி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் கருவாடும் கத்தரிக்காயும். அரிசி விஷயத்தில் மாத்திரம் தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 2022 ஜூலை முதல் 25 கிலோ வரையுள்ள முத்திரைப் பைக்கு 5 சதவீதம் என்று தாங்கள் விதித்ததன் பலனாக, 26 கிலோ மூட்டை என்னும் நூதன வஸ்து சந்தையில் அவதரித்தது. ஒரு கிலோவைக் கூடச் சுமந்தால் வரி முழுவதும் மிச்சமாகும்படி ஏழைகளுக்கு வழி காட்டிய சட்டம் வேறு எந்த நாட்டிலும் இருக்குமென்று தோன்றவில்லை.

எங்களூருக்கு வெளியூர்களில் உள்ள கீர்த்தி வேறு விதமானது. நாகப்பட்டினத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் இங்கே வருகிறவர்களில் பலர், திருநள்ளாற்றில் சனீஸ்வரனை வணங்கிவிட்டுப் பெட்ரோல் டாங்கியை நிரப்பிக்கொள்வதும், சிலர் சனீஸ்வரனைத் தவிர்த்துவிட்டு நேரே மதுக்கடைக்குப் போவதும் பிரசித்தம். இவ்விரண்டும் எங்களிடம் மலிவு. இவ்விரண்டுமே தங்கள் வரிக்குப் புறம்பானவை! மனிதர் குடிக்கும் மதுவை அரசியல் சாசனமே விலக்கிவிட்டது. பெட்ரோலையோ, எந்தத் தேதியில் சேர்ப்பதென்று தாங்கள் சிபாரிசு செய்தால்தான் உள்ளே கொண்டுவர முடியும், 2017 ஜூலை முதல் அந்தத் தேதி இன்னும் வரவில்லை. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்க முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்து திரும்பும் அன்பர்களைச் சிக்கனக்காரர்கள் என்று மன்றம் எண்ணிவிடக் கூடாதென்பது என் தாழ்மையான அபிப்பிராயம். சிக்கனக்காரன் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்து போகிறவன். அவன் லோபியும் அல்லன், துறவியும் அல்லன். தனக்கு எது போதுமென்று அறிந்துகொண்டு, மீந்த பொழுதைத் திருவிழாவுக்கும் காற்றுக்கும் தர்கா கந்தூரி விளக்குகளுக்கும் அரட்டைக்கும் ஒதுக்குகிறவன். அவனால் தங்கள் கஜானாவுக்கு லாபமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவன் சேமிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஸ்ரீநகர், லக்னோ, சண்டிகர், ஜெய்சல்மேர் என்று பல க்ஷேத்திரங்களில் கூடிய தாங்கள், வருகிற ஆனிப் பௌர்ணமியன்று காரைக்காலில் ஒரு கூட்டம் கூடி, மேற்படி சந்தேகங்களைப் பிரத்தியட்சமாகப் பார்த்துத் தீர்த்து வைக்கும்படி பிரார்த்திக்கிறேன். வருகிற அங்கத்தினர்கள் ஆளுக்கொரு துணிப்பை கொண்டுவருவது உத்தமம். இங்கே கடையில் பை கேட்டால் காசு வாங்குகிறார்கள், அதற்கு வரியும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் எந்தப் படியிலும் அடங்காத
காரைக்கால்வாசி