குலுக்கலில் விழுந்த வைத்தியம்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2008-ல் ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தது. இடம் சுமார் 10,000. பெயர் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 90,000. சீட்டு விழுந்தவருக்கு டாக்டர், விழாதவருக்கு அனுதாபம். பொருளாதார ஆய்வாளர்களுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ‘பாதிப் பேருக்குக் காப்பீடு கொடுங்கள், மீதியைச் சும்மா விட்டுப் பார்ப்போம்’ என்று அவர்களே கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும். அரசே பிரித்துக் கொடுத்துவிட்டதே!

இரண்டு வருடம் கழித்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. மனச்சோர்வு குறைந்திருந்தது, ஆஸ்பத்திரிக் கடனும்தான். (கடன் குறைந்தால் மனச்சோர்வு குறையும் என்பதற்கு ஆராய்ச்சி வேறு!) உடனே ஒரு சாரார், ‘பார்த்தீர்களா, காப்பீடு வீண்’ என்றார்கள். அவர்களில் யாரும் தம் காப்பீட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.