லிட்டருக்கு எத்தனை தலை? தென்காசி - குற்றாலச் சாலையில் பழைய மாருதியின் மைலேஜ் பற்றி ஓர் ஆராய்ச்சி

ஒரு காரைப் பற்றித் தென்காசி வட்டாரத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, "வண்டி எவ்வளவு குடுக்கு அண்ணாச்சி?" என்பது. இதன் இலக்கணம் கவனிக்கத்தக்கது. எழுவாய் வண்டி, பயனிலை கொடுத்தல், செயப்படுபொருளோ தொக்கி நிற்கிறது. குடிப்பதும் வண்டிதான், கொடுப்பதும் வண்டிதான். குடித்ததற்குப் பெட்ரோல் பங்கில் ரசீது உண்டு. கொடுத்ததற்கு உரிமையாளரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆவணம் இல்லை. அந்த வாய்ச்சொல்லும் நிலையாக நிற்பதில்லை. விற்கும்போது லிட்டருக்கு இருபது கொடுக்கும் வண்டி, மச்சினன் ஒரு நாளைக்கு இரவல் கேட்டு வாசலில் நிற்கும்போது பன்னிரண்டுதான் கொடுக்கிறது. இடையில் எட்டுக் கிலோமீட்டரைத் தின்றது கார்புரேட்டர் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டார். தொக்கி நிற்கும் அந்தச் செயப்படுபொருளுக்குக் 'கிலோமீட்டர்' என்று வருவித்துப் பொருள்கொண்டதே எல்லாக் குழப்பத்துக்கும் வேர் என்று நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்ததிலிருந்து, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றதுவரை, உடம்பின் வடிவம் மாறியதே தவிர 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ற கணக்கு மாறவில்லை. பதினைந்தாண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்து, இன்னும் இந்த வண்டியை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த ஆராய்ச்சி. நிலவெல்லை, கிழக்கே திருநெல்வேலி முதல் மேற்கே குற்றாலம் வரை. கால எல்லை, ஆனி தொடங்கிச் சாரல் அடங்கும்வரை. தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். ஆட்சியர் அலுவலகம் தனியாகக் கிடைத்த பிறகும் மைலேஜை மட்டும் புனேயில் அளந்ததை வைத்துப் பேசுவது அழகன்று. நம் நாட்டில் ஒரு காரின் மைலேஜுக்குச் சான்று தரும் ஏஆர்ஏஐ நிறுவனம் புனேயில் இருக்கிறது. அங்கே காரை உருளைகளின் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளக்கிறார்கள். அந்தக் கூடத்தில் சாரல் இல்லை, ஈரத்துண்டு இல்லை, முன்னால் குறுக்கே நிற்கும் சுற்றுலா வேன் இல்லை.

முன்னோர் கருத்தை முதலில் மதிப்போம். மெக்கானிக் மரபினர் சொல்வன யாவும் உண்மை. டயரில் காற்று குறைந்தால் உருளும் தடை கூடும். கார்புரேட்டர் வண்டியில் ஏர் ஃபில்டர் அடைத்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். கிளட்ச் மேல் காலை ஊன்றி ஓட்டினால் தேய்வது கிளட்ச் மட்டுமன்று, பர்ஸும்தான். பிளக்கைத் துடைத்து இடைவெளி பார்ப்பது, பிரேக் பிடித்தபடி நிற்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது, மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டருக்குள் ஓட்டுவது எல்லாம் பயன் தருவனவே. கார்புரேட்டரை விளக்க இவ்வூரில் படம் போடத் தேவையில்லை. குற்றாலப் பேரருவியின் நடுவே பொங்குமாங்கடல் என்னும் பள்ளம் மலைநீரை ஏற்று, வேகத்தைத் தணித்துக் கீழே விடுகிறதல்லவா, அந்த வேலையைத்தான் மிதவைக் கிண்ணம் பெட்ரோலுக்குச் செய்கிறது. ஆனால் இவையெல்லாம் சேர்ந்தும், கெட்டுக்கிடந்த வண்டியைப் பழைய நிலைக்குத்தான் கொண்டுவரும். அதற்கு மேல் ஏற வழி கேட்பவருக்கு மெக்கானிக் மரபில் விடை இல்லை. கியரை நியூட்ரலாக்கி இறக்கத்தில் உருளவிடுவது விடையாகாது. என்ஜினையே அணைத்துவிட்டு உருளுவதோ பிரேக்கின் பலத்தைக் குறைத்துக்கொண்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் செயல். அதை இவ்வாராய்ச்சி கணக்கில் எடுக்கவில்லை.

இனி நிலத்தையும் காற்றையும் விசாரிப்போம். குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, கிழக்கே போய்ச் சீவலப்பேரிக்குப் பக்கத்தில் தாமிரபரணியில் கலக்கிறது. ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் நூற்றாண்டுகளாக இந்த ஆறு ஓடுவதால், கிழக்கே போகும் வழி இறக்கம் என்பது பெறப்படும். தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் உயர வேறுபாடு சுமார் நூறு மீட்டர். ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள வண்டியை இந்த நூறு மீட்டர் தூக்க, என்ஜினின் விரயத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நூறு மில்லி சொச்சம் பெட்ரோல் போதும். ஒரு டீக்கிளாஸ் அளவு. தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறுவதற்கோ, குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கால் இரண்டு சங்கு. "ஏத்தம்ல, அதான் குடிக்கு" என்று மலைமேல் பழி போடுபவர்கள் இந்த டீக்கிளாஸை நினைவில் வைக்க வேண்டும்.

காற்று அப்படி எளிதில் விடுதலையாகாது. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் மேல்காற்று, தென்காசியையும் பாவூர்சத்திரத்தையும் சுரண்டையையும் கடந்து கிழக்கே அடிக்கிறது. சாலையோரக் காற்றாலைகள் அதற்குச் சாட்சி. மாருதி என்ற சொல்லுக்கு வாயுவின் மகன் என்று பொருள். ஆடி மாதம் திருநெல்வேலிக்குப் போகும்போது தந்தை மகனைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார், திரும்பும்போது மார்பில் கைவைத்து நிறுத்துகிறார். போகையில் கொடுத்ததும் வருகையில் எடுத்ததும் சரிக்குச் சரியாகிவிடும் என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். கணக்கு அப்படி வரவில்லை. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவது. அறுபதில் ஓடும் வண்டிக்கு முப்பது கிலோமீட்டர் வேகக் காற்று பின்னால் அடித்தால், தடை காற்றில்லாத நாளின் கால் பங்காகக் குறையும். அதே காற்று எதிரே அடித்தால் இரண்டேகால் பங்காகும். இரண்டையும் கூட்டினால் இரண்டரை. காற்றில்லாத நாளில் போகவரச் சேர்த்து இரண்டுதான். ஆக, காற்றுத் தடையில் மட்டும் நூற்றுக்கு இருபத்தைந்து நஷ்டம். கந்துவட்டிக்காரர்கூட இவ்வளவு நயமாகப் பிடித்துக்கொள்வதில்லை. ஆடியில் கிழக்கே போகும்போது மட்டும் மைலேஜ் பார்த்துவிட்டு "இருபத்திரண்டு குடுக்கு" என்று சொல்பவர், வழக்கில் ஒரு தரப்புச் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் நெடுஞ்சாலைக்குப் பொருந்தும். கட்டுரையின் உயிர்நிலை, தென்காசிக்கும் பேரருவிக்கும் இடைப்பட்ட ஐந்தாறு கிலோமீட்டர். கார்புரேட்டர் வண்டியைக் குளிர்ந்த நிலையில் சோக் இழுத்துக் கிளப்பினால், அது சூடேறும்வரை பெட்ரோலைக் கெட்டியாகக் குடிக்கும். என்ஜின் நன்றாகச் சூடேறிச் சிக்கனத்துக்கு மனம் திரும்பும் வேளையில் பேரருவி வந்துவிடுகிறது. சீசன் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைசிக் கிலோமீட்டரில் வண்டி நகர்வதைவிட நிற்பது அதிகம். சும்மா நின்றாலும் மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் போகும். எனவே போகவரப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்வது நியாயம். லிட்டருக்குப் பத்து! உரிமையாளர் தலையில் கைவைக்கிறார். இப்போது இரண்டாமவர் ஒருவரைக் கற்பனை செய்வோம். அவர் யாரிடமும் விசாரிக்காமல் கிளம்பிப் பழைய குற்றாலத்துக்குப் போகிறார். அங்கே கூட்டம். ஐந்தருவிக்குத் திருப்புகிறார். அங்கே நிறுத்த இடமில்லை. கடைசியில் பேரருவியில் குளித்துவிட்டு வீடு திரும்பும்போது முப்பது கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என்ஜின் சூடாக இருந்ததால் லிட்டருக்குப் பதினெட்டு கிடைக்கிறது. மைலேஜில் இவர் வென்றார். பெட்ரோலோ ஒன்றேமுக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருவரும் குளித்தது ஒரே அருவி, ஒரே குளியல். அதிகம் செலவழித்தவனைச் சிக்கனக்காரன் என்று பாராட்டும் அளவுகோலை எந்த ஊர்ப் பஞ்சாயத்து ஏற்கும்?

ஆகவே தொக்கி நின்ற செயப்படுபொருளை இப்போது மீட்கலாம். குற்றாலத்துக்குக் காரெடுப்பவர் கிலோமீட்டரை நாடிப் போகவில்லை. கிலோமீட்டர் அவருக்கு இடையூறு. அவர் நாடுவது குளியல். வண்டி கொடுக்க வேண்டியதும் அதுவே. எனவே ஒரு லிட்டருக்கு எத்தனை தலை நனைந்தது என்பதே இந்நிலத்துக்குரிய அளவு. இதைத் 'தலை' என்றே அழைக்கலாம். இவ்வூர் தனக்கென்று அளவு வகுத்துக்கொள்வது புதிதும் அன்று. பேரருவியில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் யாரும் கன அடியில் பதில் சொல்வதில்லை. "ஆர்ச்சைத் தாண்டி விழுது" என்கிறார்கள். கேட்பவருக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. முன்சொன்ன முதலாமவர் தனியாகப் போனால் அவர் வண்டி லிட்டருக்கு ஒரு தலை. மனைவி, பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேரை ஏற்றிப் போனால் ஐந்து தலை. மெக்கானிக்கின் திருப்புளி தொடாமலேயே வண்டியின் சிக்கனம் ஐந்து மடங்காகிவிட்டது.

அஃதேல், ஆள் ஏற ஏற எடை ஏறிப் பெட்ரோலும் ஏறுமே எனின், ஏறும்; ஆனால் கொஞ்சமே ஏறும் என்க. அறுபது கிலோ ஆள் ஒருவர் கூடினால் செலவு நூற்றுக்கு ஐந்து பங்கு உயர்வதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கு தலை ஐந்தாகும்போது பயன் நூற்றுக்கு இருபத்தைந்து உயர்கிறது. திரும்பும்போது ஈர வேட்டியும் துண்டும் சுமக்கும் தண்ணீரையும், வாங்கிய மங்குஸ்தான், ரம்புட்டானையும் சேர்த்தாலும் இந்தக் கணக்கு கவிழாது. குளிக்காமல் கரையில் உட்கார்ந்து துணிக்கும் செருப்புக்கும் காவலிருக்கும் பாட்டியை எப்படி எண்ணுவது எனின், அவரை முழுத் தலையாகவே எண்ண வேண்டும். அவர் இல்லையேல் மற்ற நால்வரும் முறைபோட்டுக் குளித்து, வண்டி இன்னொரு மணிநேரம் இடம் தேடிச் சுற்றியிருக்கும். ஐந்தருவிக் கரையில் வைப்பரின் ரப்பரைப் பிய்க்கும் குரங்குகள், பெயர்ப் பொருத்தத்தால் மாருதிக்கு நெருங்கிய உறவே ஆயினும், எண்ணிக்கையில் சேரா.

எரிபொருளே மாறிவிட்டதே என்பது வலுவான மறுப்பு. 2025-இல் நாடு முழுக்கப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் கலவையில் ஆறேழு விழுக்காடு தேயும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் அது சும்மா விடாது. அவற்றைப் பார்த்து மாற்றிக்கொள்வது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமும் உடையது. குற்றாலத்துக்கு வந்தால் பெட்ரோலுக்கும் நனைய ஆசை வருகிறது போலும். ஆயினும் இந்த ஆறேழு விழுக்காட்டை ஒரே ஒரு கூடுதல் தலை ஈடுகட்டிவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. அருவியில் தண்ணீரே இல்லாமலோ, வெள்ளம் வந்து குளிக்கத் தடை விதிக்கப்பட்டோ போனால், எத்தனை பேர் ஏறியிருந்தாலும் தலை பூஜ்யம். பிளக்கும் டயரும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை. ஆகவே பழைய காரின் சிக்கனத்தை உயர்த்தும் தலைசிறந்த கருவி, கிளம்புமுன் குற்றாலத்தில் இருப்பவர் ஒருவரைப் போனில் கூப்பிட்டு "தண்ணி விழுதா?" என்று கேட்பதே. இதற்கு ஸ்பேனர் வேண்டாம், செலவும் இல்லை.

இறுதியாக ஒரு மறுப்பு. இதை எழுப்பாமலே கட்டுரையை முடித்துவிட ஆசைதான். நேர்மை விடவில்லை. தலைதான் அளவென்றால் பஸ்ஸை ஏன் அளக்கவில்லை எனின், அளந்தேன். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் அளவில் ஓடும் பஸ், போகவரப் பத்துக் கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் டீசல் குடிக்கும். ஐம்பது பேர் ஏறினால் லிட்டருக்கு இருபத்தைந்து தலை. ஐந்து பேரைத் திணித்த மாருதி ஐந்தில் நிற்கிறது. ஈரத்துணியோடு பஸ்ஸில் ஏறலாமா என்று ஒரு விடையைத் தேடிப் பார்த்தேன். சீசனில் அந்த வழித்தடத்தில் உலர்ந்த துணியோடு திரும்புபவர்தான் குறைவு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. மாமியார் வகையில் அந்தச் செலவும் போயிற்று. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு.