விளக்குக்கு எண்ணெய் தேடும் வீரன்

கேள்வி: ‘அம்னீசியா: த டார்க் டிசென்ட்’ கணினி விளையாட்டை ஒரு நண்பர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார், மற்றவர் வெறும் நடையும் கதவு திறப்பும் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், சுருவில்

பதில்: இருவருமே சரி! சுவீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் நிறுவனம் 2010இல் இதை வெளியிட்டது. கதை நடக்கும் ஆண்டு 1839, பிரஷ்யக் கோட்டைக்குள் நினைவிழந்த நாயகன் டேனியல். ஆயுதம் கிடையாது, ஓடி ஒளியவேண்டும். சுட்டுப் பழகியவருக்குச் சலிப்பு. கதை கேட்டுப் பழகியவருக்கு விருந்து. இருட்டில் நின்றால் புத்தி பேதலிக்கும். வெளிச்சத்தில் நின்றால் அரக்கன் கண்டுவிடுவான். விளக்குக்கு எண்ணெயும் தட்டுப்பாடு. தொண்ணூறுகளின் மண்ணெண்ணெய்த் தடைக்குள், யாழ்ப்பாணத்தில் ஜாம்போத்தல் விளக்கில் படித்த உங்கள் பெரியம்மாவிடம் கொடுத்துப் பாருங்கோ. பயப்படமாட்டா, “உவனுக்குத் திரியைக் குறைச்சு வைக்கத் தெரியாதே?” எண்டுதான் கேப்பா!