வம்சப் பெருமை

அமெரிக்காவில் ஸிப்பி சிப்பி என்று ஒரு பந்தயக் குதிரை இருந்தது. 1991-இல் பிறந்தது. 100 பந்தயம் ஓடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் வம்சத்தைப் பாருங்கள்: அப்பாவைப் பெற்ற தாத்தா நார்தர்ன் டான்சர், 1964-இல் கென்டக்கி டெர்பியை இரண்டே நிமிடத்தில் ஓடி முடித்து ரெக்கார்டு வைத்தவர். (தாத்தா என்பதால் மரியாதை.) நானும் அப்படி வந்தவன்தான். என் தாத்தா செருமினால் தெருவே சைக்கிளிலிருந்து இறங்கி நடக்கும். நான் செருமினால் மிளகுக் கஷாயம் வருகிறது.

1995-இல் குதிரையை ஃபீலிக்ஸ் மான்செராட்டே என்பவர் வாங்கினார். காசுக்கு அல்ல, ஒரு பழைய ஃபோர்டு டிரக்கைக் கொடுத்து. இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மனைவி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தி, "நமக்கு டிரக்கெல்லாம் வேண்டாங்க. ஓடுற கண்டிஷன்ல ஒரு மிக்ஸி குடுத்தாப் போதும்" என்றாள்.

ஃபிங்கர் லேக்ஸ் மைதானத்தில் கேட் திறந்து மற்றதெல்லாம் பறந்த பிறகும் இது மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதுவே வழக்கமாகிப் போக, 1998-இல் அங்கே தடையே போட்டுவிட்டார்கள். மஞ்சள் பையைக் கையில் திணித்து, "கறிவேப்பிலையை மறக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிய பிறகும் செருப்பு ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்தக் குதிரையின் மனசு புரியும். 2000-இல் ஹோசே ஹெரேரா என்ற பேஸ்பால் ஆட்டக்காரரோடு ஓடவிட்டார்கள். மனுஷன் ஜெயித்தார்.

அதற்காக முழு மோசம் என்று தள்ளிவிடவும் முடியாது: 8 முறை இரண்டாமிடம், 12 முறை மூன்றாமிடம். இந்த விஷயத்தில் நான் ஒரு படி மேல். எங்கள் வீட்டு விவாதங்களில் இரண்டாமிடத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. ஓடுவதே இரண்டு பேர்தான். மகள் லீவுக்கு வந்தால் மூன்றாமிடம்.

2004 செப்டம்பர், நார்த்தாம்ப்டன் பொருட்காட்சித் திடல், நூறாவது பந்தயம். 99 தோல்விக்குப் பிறகும் ஜனங்கள் அதன் மேல் பணத்தைக் கொட்டினார்கள். பணம் கட்டியவர்கள் கணக்கில் ஜெயிக்க வாய்ப்புள்ள இரண்டாவது குதிரை அதுதான். இரண்டு டாலருக்கு ஏழு டாலர் லாபம் என்ற விலை. ஓடிக் கடைசியாக வந்தது.

என்மேல் அப்படிக் கட்டக்கூடிய ஒரே ஜீவன் என் மாமியார். போன வாரம் ஹாலுக்கு என்ன பெயின்ட் என்று பேச்சு வந்தது. வெளிர் மஞ்சள் என்றேன். மனைவி பச்சை என்றாள். "மாப்பிள்ளை சொல்றதையும்தான் கேளேன்டி" என்றார் மாமியார். மனைவி யோசிப்பதுபோல் இருந்தது. நான் முந்திவிட்டதாகவே எனக்குப் பட்டது. அந்த நேரம் பார்த்துப் பெயின்டர் உள்ளே எட்டிப்பார்த்து, "அக்கா, பச்சை இன்னும் நாலு லிட்டர் வேணும்" என்றார்.