பாரிஸில் பசித்தால்

கேள்வி: முதன்முறையாக பாரிஸ் போகிறோம். நல்ல உணவகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஈஃபிள் கோபுரம் தெரிகிற மேசையில் உட்கார்ந்தால், கோபுரத்துக்கும் சேர்த்துத்தான் பில் வரும். நாலு தெரு தள்ளிப் போங்கள். விலைப்பட்டியலை வெளியிலேயே வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தயங்காமல் நின்று படியுங்கள். ஆறு மொழிகளில், கலர் படங்களோடு, நூறு அயிட்டம் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். கரும்பலகையில் சாக்பீஸால் நாலைந்தே அயிட்டம் எழுதியிருந்தால் நம்பி நுழையலாம். குறைவாகச் சமைக்கிறவர்கள் புதிதாகச் சமைக்கிறார்கள்.

கூரை போட்ட பாத்திரச் சின்னம் தெரிகிறதா பாருங்கள். அங்கேயே சமைத்த உணவுக்கு 2014-இல் வந்த அரசு முத்திரை அது. மிஷ்லின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரங்கள் பர்ஸை மிரட்டினால், அதே மிஷ்லினின் 'பிப் குர்மான்' பட்டியலைப் புரட்டுங்கள்: நல்ல சாப்பாடு, நியாய விலை. பெரிய உணவகங்களில்கூட மதிய மெனு பெரும்பாலும் இரவைவிட மலிவு. சர்வீஸ் கட்டணம் விலையிலேயே அடக்கம். சாப்பிடும்போது 'காராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும்.

ஒன்று முக்கியம்: மதியம் இரண்டு மணிக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும். பாரிஸில் பசி வரும்வரை காத்திருக்காதீர்கள், பசிக்கு முன்னால் நீங்கள் போய்ச் சேருங்கள்!