தொடரா வண்டி: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

ரயிலுக்குத் தமிழில் தொடர்வண்டி என்று பெயர். பெட்டிகள் தொடர்ந்து வருவதால் இது காரணப்பெயர் என்பார் ஒரு சாரார். இறங்கியபின் தொடர்ந்து போக வண்டி இல்லாமையால் இடுகுறிப்பெயரே என்பது என் துணிபு.

நிற்க. எங்கள் ஊர் ஜங்ஷனுக்கு இரவு பாசஞ்சர் வருவது 9.42. கடைசி டவுன் பஸ் கிளம்புவது 9.40. அந்த இரண்டு நிமிடமே இங்கு ஆய்வுப்பொருள்.

முதலில் பாடபேதம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 9.40 என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. கடைசிச் சுழியின்மேல் சினிமா போஸ்டர் கிழித்த பசை காய்ந்திருப்பதால் 9.48 என வாசிக்கவும் இடமுண்டு, பொருளும் சிறக்கும். ஆயினும் மூல ஏடாகிய டைம் கீப்பர் நோட்டில் 9.40 என்றே உள்ளது. "வண்டி வந்தா எடுப்போம்" என்பது கண்டக்டர் பாடம். இதில் வண்டி என்றது ரயிலையா, பஸ்ஸையா? உரையாசிரியர்கள் மாறுபடுவர். டீக்கடை மாஸ்டர் உரை வருமாறு: "ரெண்டும் இல்ல சார், டிரைவர் சாப்பிட்டு வர்றதச் சொல்றாரு." எல்லாவற்றிலும் பொருந்தும் உரை இதுதான். முனைவர் பட்டம் இல்லாதவர் சொன்னதால் ஏற்பதற்கில்லை.

இனி காரணம். ரயிலுக்கு நேரம் குறிப்பவர் பஸ் அட்டவணையைப் பார்ப்பதில்லை. பஸ்ஸுக்குக் குறிப்பவர் ரயில் அட்டவணையைப் பார்ப்பதில்லை. ஒருவர் நூலை ஒருவர் படிக்காமலே மறுப்பு எழுதும் நம் அறிஞர் பெருமக்களிடமிருந்தே இவ்வழக்கம் அங்கே பரவிற்று என்று நிறுவ, 600 பக்கத்தில் தனிநூல் எழுதிவருகிறேன்.

திணைப் பாகுபாடு எளிது. பஸ்ஸின் பின்புறச் சிவப்பு விளக்கு தெருமுனையில் மறைவது பிரிவு, பாலை. ஆட்டோக்காரர் முந்நூறு என்பார். நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்தடி நடப்போம். அவர் வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் வந்து இருநூற்றைம்பது என்பார். ஊடல், மருதம். பிளாட்பார பெஞ்சில் விடியும்வரை இருத்தல், முல்லை. கருப்பொருள் கொசு. நெய்தலுக்கு இடமில்லை.

குறிஞ்சிக்கு உரிய புணர்தல், அதாவது ரயிலும் பஸ்ஸும் கூடுவது, நம்மிடம் அரிது. சென்னையில் போக்குவரத்தை ஒருங்கிணைக்கக் கும்டா என்னும் குழுமத்துக்கு 2010-இல் சட்டம் வந்தது. 2025-இல் மாநகர பஸ், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்து ஒரே கியூஆர் டிக்கெட் வந்தது. டிக்கெட்டுகள் கூடிவிட்டன. சுவிட்சர்லாந்தில் வண்டிகளே கூடுகின்றன. மணிக்கொரு ரயில் என்று 1982-இல் ஒழுங்கு செய்தார்கள். 'ரயில் 2000' திட்டத்துக்கு 1987-இல் மக்களிடம் வாக்கே கேட்டார்கள். 2004-இல் புதுப்பாதை திறந்து சூரிச்–பெர்ன் ஓட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கியது வெறும் வேகத்துக்காக அன்று. மணி நிறையும் முன் பல திசை ரயில்களும் சந்திப்பில் வந்து கூட வேண்டும். ஆள் மாறி ஏறியதும் பிரிய வேண்டும். மலையூர் ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் தபால் பஸ் காத்து நிற்கும். அது மலைநாடு, புணர்தல் அதன் இயல்பு. சமவெளியில் கிடக்கும் எங்கள் ஜங்ஷனில் அதை எதிர்பார்ப்பது திணைமயக்கம்.

ஒரு விதிவிலக்கைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. சென்ற மாதம் ஒருநாள் பாசஞ்சர் 9.36-க்கே வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினேன். பஸ் நின்றிருந்தது, உள்ளே விளக்கும் எரிந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

"இறங்குங்க சார், இன்னைக்கு டிரிப் கட்" என்றார் கண்டக்டர்.

இது கைக்கிளை என்க.