சக்குபந்தியில் ஒரு துப்பாக்கி

மனை காட்டிய புரோக்கர் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் உண்மை: "இந்த ஏரியாவுல திருட்டு பயமே கிடையாது சார்." காரணத்தை அவர் சொல்லவில்லை. குடிவந்த முதல் ஞாயிறு காலை, காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். காப்பி வேட்டியில். மதிலுக்கு அந்தப் பக்கம் ரைபிள் கிளப்.

காலனிச் சங்கம் கூடியது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அனுமதி என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். இதைக் கண்டுபிடித்துச் சொன்ன பாவத்துக்கு, ஆதாரம் சேகரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. செல்போனில் டெசிபல் அளக்கும் ஆப்பை இறக்கிக்கொண்டு கொல்லைப்புறத் திண்ணையில் தவம் கிடந்தேன். துப்பாக்கிச் சத்தத்தின் ஆயுள் சில மில்லி வினாடி. ஆப் கண்விழிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அது காட்டிய உச்சம் 88. அப்போது சமையலறையில் என் மனைவி மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

அது போக, விதி பார்ப்பது சராசரியை. கன்னத்தில் விழுந்த அறையைப் பகல் முழுவதற்கும் பிரித்துப் போட்டால், தடவிக்கொடுத்த கணக்கில்தான் வரும்.

மனுவோடு கிளப்புக்குப் போனோம். செக்ரட்டரி ஓய்வுபெற்ற ராணுவக்காரர். டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வரவழைத்துவிட்டு, "நானே உங்களைப் பார்க்க வரணும்னு இருந்தேன்" என்று மேஜை டிராயரிலிருந்து ஒரு மனுவை எடுத்தார். எங்கள் பேரில்!

கூடவே ஏர் ரைபிள் இலக்கு அட்டை ஒன்றையும் கையில் கொடுத்தார். பத்து மதிப்பெண் தரும் நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன். கடுகில் கால்வாசிகூட இல்லை. அதைப் பத்து மீட்டர் தூரத்திலிருந்து அடிக்க வேண்டுமாம். "மூச்சை அடக்கி, விசையில விரலை வெச்சிருக்கும்போது உங்க பக்கம் குப்பை வண்டி பாட்டுப் பாடும். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்காரர் மைக்கில் கூப்பிடுவார். மாநிலப் போட்டிக்கு ஒரு பொண்ணு தயாராகுது சார். போன ஞாயிறு ஏதோ ஒரு மிக்சியால அதுக்கு ஒன்பதே விழலை."

நான் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டேன்.

கடைசி அஸ்திரமாக, "குடியிருப்பு மண்டலத்துல துப்பாக்கி சுடலாமா?" என்றேன். "நாங்க வந்தப்போ இது பொட்டல்காடு. மண்டலம் உங்க கூடத்தான் வந்துச்சு. பத்திரத்துல சக்குபந்தி படிச்சீங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். பத்திரத்தில் மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தியில், 'ரைபிள் கிளப் இடத்துக்குத் தெற்கு' என்று பளிச்சென்று இருந்தது. அதே பக்கத்தின் அடியில் என் கையெழுத்து, வழக்கத்தைவிட அழகாக.

மூன்று சுற்றுப் பஜ்ஜிக்குப் பிறகு உடன்படிக்கை ஆயிற்று. சத்தம் குறைந்த ஏர் ரைபிளுக்குத் தடையில்லை. பாயிண்ட் டூ டூ ரைபிள் ஞாயிறு பத்திலிருந்து ஒன்றுவரை மட்டும். ஒலியை மிஞ்சும் வேகத்தில் பாய்கிற தோட்டா வெடிச்சத்தத்தோடு சாட்டை சொடுக்கியதுபோல் இன்னொரு சத்தத்தையும் போட்டுக்கொண்டு போகும் என்பதால், இனி வேகம் குறைந்த தோட்டாதான். பிளஸ் டூ தேர்வு முடியும்வரை அதுவும் கிடையாது. பதிலுக்குக் கோயில் ஸ்பீக்கரை எங்கள் பக்கமே திருப்பிக்கொண்டோம். மிக்சி பற்றிய ஷரத்தை எந்த வீடு என்று குறிப்பிடாமல் எழுதிய செக்ரட்டரிக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

இப்போதெல்லாம் ஞாயிறு காலை எங்கள் வீட்டில் இட்லிக்குச் சட்னி கிடையாது, மிளகாய்ப்பொடிதான். நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, ஓசையில்லாமல் சாப்பிடுகிறோம். மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் மூச்சை அடக்கி நின்றுகொண்டிருப்பாள். காரம் தலைக்கேறினாலும் நான் இருமுவதில்லை.